மின்சார ஸ்கூட்டர்: எதற்கு உரிமம் வேண்டும், எதற்கு வேண்டாம்?

மின்சார ஸ்கூட்டர் ஓட்டுவதற்கு உரிமமோ பதிவோ தேவையில்லை என்ற எண்ணம் பலரிடம் நிலவுகிறது. இது எல்லா வண்டிகளுக்கும் பொருந்தாது. விலக்குப் பெறும் வண்டிகள் எவை என்பதை 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் வரையறுக்கின்றன.

விலக்குப் பெறுபவை

மோட்டாரின் 30 நிமிடத் திறன் 250 வாட்டுக்கும், அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக உள்ள இருசக்கர மின்வண்டி, சட்டப்படி 'மோட்டார் வாகனம்' ஆகாது. பேட்டரி நீங்கலாக அதன் எடை 60 கிலோவுக்கு மிகாமலும், தகுந்த பிரேக்குகளும் ஒளி எதிரொளிப்பான்களும் பொருத்தப்பட்டும் இருத்தல் வேண்டும். இத்தகுதிகளை அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனம் உறுதிசெய்திருக்க வேண்டும். இவ்வண்டிகளுக்குப் பதிவு, காப்பீடு, ஓட்டுநர் உரிமம் ஆகியவை தேவையில்லை.

மற்ற வண்டிகள்

இவ்வரம்பைக் கடந்த மின்சார ஸ்கூட்டர்களுக்கு மேற்கண்ட மூன்றும் கட்டாயம். சொந்தப் பயன்பாட்டு வண்டிகளின் பச்சை எண் பலகையில் வெள்ளை எழுத்துகளும், வாடகை வண்டிகளில் மஞ்சள் எழுத்துகளும் இடம்பெறும். 2021 ஆகஸ்டு மாத அறிவிக்கை பதிவுக் கட்டணத்தை மட்டுமே தள்ளுபடி செய்தது. பதிவு செய்யும் கடமை நீடிக்கிறது.

2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், உரிமமின்றி ஓட்டுவதற்கு 5,000 ரூபாயும், தலைக்கவசம் அணியாததற்கு 1,000 ரூபாயும் அபராதம் விதிக்க வகை செய்கிறது. சிறார் மோட்டார் வாகனம் ஓட்டிக் குற்றமிழைத்தால், பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையும் விதிக்கப்படலாம்.

வேகத்தைக் கூட்டினால்

குறைவேக வண்டியின் வேகக் கட்டுப்பாட்டை நீக்கினால் விலக்கும் நீங்கிவிடும். அதன் பின் அது பதிவும் காப்பீடும் இல்லாத மோட்டார் வாகனமாகவே கருதப்படும். அவ்வண்டி மோதி ஒருவர் காயமுற்றாலோ உயிரிழந்தாலோ, இழப்பீட்டுச் சுமையை ஏற்கக் காப்பீட்டு நிறுவனம் இராது. உரிமையாளரே அதைச் சுமக்க நேரிடும்.

பேட்டரிப் பாதுகாப்பு

2022-இல் மின்சார ஸ்கூட்டர்கள் சில தீப்பற்றியதைத் தொடர்ந்து, பேட்டரிகளுக்கான ஏஐஎஸ்-156 தரநிலை கடுமையாக்கப்பட்டது. எனினும், பயன்படுத்துவோரின் கவனமும் இன்றியமையாதது. வண்டியுடன் வழங்கப்பட்ட சார்ஜரையே பயன்படுத்த வேண்டும். மாடிப்படியின் கீழோ வெளியேறும் வழியிலோ சார்ஜ் செய்யலாகாது. ஓட்டி வந்தவுடன் பேட்டரியைச் சற்று ஆறவிடுவது நல்லது. உப்பிய, நீரில் மூழ்கிய அல்லது அடிபட்ட பேட்டரியை மீண்டும் சார்ஜ் செய்யாமல் சேவை மையத்தில் காட்ட வேண்டும். லித்தியம் பேட்டரித் தீ அணைந்தபின்னும் மீண்டும் பற்றக்கூடும் என்பதால், விலகி நின்று தீயணைப்புத் துறையை அழைப்பதே தக்கது.

வாங்கும் முன்

'உரிமம் தேவையில்லை' என்று விற்பனையாளர் கூறினால், மோட்டாரின் திறனையும் வேக வரம்பையும் காட்டும் சோதனை நிறுவனச் சான்றின் நகலைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். உரிமம் தேவைப்படாத வண்டியாயினும், தலைக்கவசம் அணிந்து ஓட்டுவதே உயிருக்குப் பாதுகாப்பு.