ஜுரம் வந்த முதல் ஒரு மணி நேரம்

1948-ல் பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு மருந்து கொடுத்து நோயைக் கொஞ்ச காலம் அடக்கிக் காட்டினார். நம்ம சென்னையில் 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 12 படுக்கைகளோட அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினாங்க. 1960-ல் அங்கே குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு வந்துச்சு.

ஆனா கீமோ மருந்து வெள்ளை அணுக்களையும் குறைச்சிடும். அப்போ வர்ற ஜுரம் உயிருக்கே ஆபத்து. ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாட்டிக் ஏத்தணும். வார்டில் அதை முதல்ல கவனிக்கிறது நர்ஸ்தான்.

பெரம்பலூர், அரியலூர் குழந்தைகளுக்குச் சென்னை 250 கிலோமீட்டருக்கு மேல. வீட்டுக்குத் திரும்பின பிறகு ராத்திரியில ஜுரம் வந்தா? 2022-ல் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாச்சு. பக்கத்து ஆஸ்பத்திரி நர்ஸுக்கு ‘இது கீமோ எடுக்கிற குழந்தை’ன்னு உடனே புரிஞ்சா, அந்த ஒரு மணி நேரம் பஸ்ஸில் கரையாது.