சீதையின் சிரிப்பு

தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தை இரண்டாகப் பகுக்கின்றது. வெளிப்படையாகப் பழிப்பது செம்பொருள். பழியைச் சொல்லுக்குள் ஒளித்துவைப்பது பழிகரப்பு. மாணவரை இடறச் செய்வது பின்னதே. அது புகழுரையின் ஆடையுடுத்தே வரும். விழிப்பில்லாதவர் அதனைப் புகழென்றே விடைத்தாளில் எழுதிவைப்பர்.

இதற்குப் பழந்தமிழில் தலையாய சான்று புறநானூற்றின் 95ஆம் பாடல். தொண்டைமானின் படைக்கலங்கள் பீலியும் மாலையும் அணிந்து, நெய் பூசப்பெற்றுக் காவல் மிக்க மனையில் இருக்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்கின்றார் ஔவையார். சொல்லளவில் நோக்கின் ஏற்றம் தொண்டைமானுக்கே. ஆயினும் நாம் மயங்குவதில்லை. அதியமானின் தூதராகச் சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டியபோது பாடியது என்னும் குறிப்பு பாடலோடு வழிவழியாக வந்துள்ளது. 1894இல் உ. வே. சாமிநாதையர் பதித்த புறநானூற்றால் பாட்டும் குறிப்பும் ஒருங்கே நம் கைக்கு எட்டின. யார், யாரிடம், எவ்வேளையில் பேசினார் என்று அறிந்ததும், நெய் பூசிய வேல் களம் காணாத வேல் என்பது தானே விளங்குகின்றது.

சிறுகதையில் இத்தகைய குறிப்பை எவரும் எழுதித் தருவதில்லை. கதைக்குள்ளேயே அதனைத் தேடியாக வேண்டும்.

புதுமைப்பித்தன் 1943இல் வெளியிட்ட 'சாப விமோசனம்' இதற்கு ஏற்ற கதை. இலங்கையிலிருந்து மீண்ட இராமனும் சீதையும் கௌதமரின் குடிலுக்கு வருகின்றனர். ஆடவர் இருவரும் வெளியே செல்ல, சீதை அகலிகையிடம் தன் துன்பங்களை எல்லாம் கூறுகின்றாள், தீக்குளித்ததையும் கூறுகின்றாள். அகலிகை கொதித்தெழுகின்றாள். அவள் காலைத் தன் திருவடியால் கல்லிலிருந்து மீட்ட அதே இராமனா இதனைக் கேட்டான்? அகலிகைக்கு ஒரு நீதி, அவனுக்கு ஒரு நீதியா? நெடிய மௌனத்திற்குப் பின், உலகுக்கு மெய்ப்பிக்க வேண்டாமா என்று சீதை வினவுகின்றாள், மெல்லச் சிரிக்கின்றாள்.

வினாவை மட்டும் படிப்பவர்க்குச் சீதை இராமனுக்காக வழக்குரைப்பவள் ஆகிவிடுகின்றாள். கதை முழுவதும் அத்தோடு சரிந்துவிடும். மௌனத்தையும் சிரிப்பையும் சேர்த்துப் படிப்பவர்க்கே அவ்வினா இராமனின் வாயிலிருந்து எடுத்து அவள் சொல்லிக்காட்டிய சொல் என்பது புலனாகும். ஔவையின் புகழ்ச்சிக்குக் கொட்டிலின் குறிப்பு எதுவோ, சீதையின் சொல்லுக்குச் சிரிப்பு அதுவே. ஆனால் ஔவை இகழ்ந்தது எதிரே நின்ற பகைவனை. சீதையோ உலகை எள்ளுகின்றாள். அவ்வுலகுக்காக நெருப்பில் இறங்கிய தன்னையும் எள்ளுகின்றாள் என்பதே என் கருத்து. ஆகவே இதனைக் கிண்டல் என்று ஒரு சொல்லால் முடித்துவிடுதல் தகாது.

இந்நாட்டுத் தமிழர்க்கு இத்தகைய வாசிப்புப் புதிதன்று. 1950–51இல் 'தமிழ் நேசன்' நடத்திய கதை வகுப்பு சிறுகதையின் நுட்பங்களைத் தோட்டத்து இளைஞர்க்கும் எட்டச் செய்தது. புதுமைப்பித்தன் 1948இல் மறைந்து சில ஆண்டுகளே கழிந்த நிலையில், 1951–52இல் சிங்கப்பூர்த் 'தமிழ் முரசு' ஏட்டில் அவர் எழுத்தைப் பற்றிப் பெருஞ்சர்ச்சை நிகழ்ந்தது.

ஏட்டறிவு இல்லாதாரும் பழிகரப்பை அறிவர். மழை பெய்து மரம் வெட்ட இயலாமல், அன்றைய கூலியும் இல்லாமல் லயத்துக்குத் திரும்பும் தோட்டத் தொழிலாளி, "தொரைக்கு நம்ம மேல என்னா பாசம்!" என்றால், பக்கத்தில் நடக்கும் சிறுவனுக்கும் பொருள் தெரியும். நனைந்த உடம்பும் வெறும் வாளியுமே உரை. இன்று தோட்டங்களை விட்டுப் புக்கிட் காத்தில் போன்ற புறநகர்களில் வளரும் பிள்ளைகளின் செவியில் அப்பேச்சு அரிதாகவே விழுகின்றது. (மலாய்மொழியின் 'காத்தில்' நம் கட்டிலே, இங்கும் சொல் வேற்றுடை பூண்டுதான் நிற்கின்றது.)

வகுப்பில் 'சாப விமோசனம்' படிக்கும்போது அவ்வுரையாடலை இரு மாணவியர் வாய்விட்டுப் படிக்கட்டும். சிரிப்பை ஒருமுறை விட்டும், ஒருமுறை சேர்த்தும். பின்னர் ஒரு வினா எழுப்பலாம். உள்ளத்துக்குத் தெரிந்தால் போதாதா என்று அகலிகை மறுமொழி தருகின்றாளே, அவள் அச்சிரிப்பைக் கேட்டாளா, கேட்கவில்லையா? கேட்டாள் என்றே நான் கொள்கின்றேன். கதையின் முடிவில் அவள் மீண்டும் கல்லாகிவிடுகின்றாள்.