பிரித்தானியாவில் சாம்பல் கௌதாரியின் வீழ்ச்சி

சாம்பல் கௌதாரி என்பது ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் வயல்வெளிகளையும் புல்வெளிகளையும் சார்ந்து வாழும் ஒரு தரைப் பறவை ஆகும். இதன் அறிவியல் பெயர் பெர்டிக்ஸ் பெர்டிக்ஸ். கோழி, மயில், காடை ஆகியவை அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தியாவில் ஆங்கிலேயர் இதே பெயரால் குறிப்பிட்டுவந்த கௌதாரி வேறோர் இனம். தமிழ்நாட்டின் மானாவாரி நிலங்களிலும் முட்புதர்க் காடுகளிலும் காணப்படும் அப்பறவையின் அறிவியல் பெயரில் புதுச்சேரியின் பெயர் இடம்பெற்றுள்ளது. இக்கட்டுரை ஐரோப்பிய இனத்தைப் பற்றியது. பிரித்தானிய வயல்களில் மிகச் சாதாரணமாகக் காணப்பட்ட இப்பறவையின் எண்ணிக்கை 1967க்குப் பின் 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துள்ளது.

உடலமைப்பும் வாழ்க்கை முறையும்

இப்பறவை ஏறத்தாழ 30 செ.மீ. நீளமுடையது. முகம் செம்மஞ்சள் நிறத்திலும் மார்பு சாம்பல் நிறத்திலும் இருக்கும். வயிற்றில் குதிரை லாட வடிவில் ஒரு பழுப்புத் திட்டு உண்டு. குளிர்காலத்தில் சிறு கூட்டமாகத் திரியும் பறவைகள், குளிர்காலத்தின் இறுதியில் இணை இணையாகப் பிரிகின்றன. உயிர்வேலியின் அடியிலோ உயர்ந்த புல்லின் நடுவிலோ தரையில் குழி பறித்துப் பெட்டை சராசரியாக 15 முட்டைகள் இடுகிறது. ஒரே ஈட்டில் மிக அதிக முட்டைகள் இடும் பறவைகளில் இதுவும் ஒன்று.

முதிர்ந்த பறவைகள் விதைகளையும் இளந்தளிர்களையும் உண்கின்றன. ஆனால், பொரித்த அன்றே ஓடத் தொடங்கும் குஞ்சுகளுக்கு முதல் இரண்டு வாரங்கள் பூச்சிகளே உணவு. விரைவான வளர்ச்சிக்கும் இறகு முளைப்பதற்கும் வேண்டிய புரதம் அவற்றிலிருந்தே கிடைக்கிறது.

செழித்த காலம்

18, 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் பொது நிலங்கள் சட்டப்படி தனி வயல்களாகப் பிரிக்கப்பட்டன. எல்லைகளில் உயிர்வேலிகள் நடப்பட்டன. அதனால் பல ஏழை உழவர்கள் மேய்ச்சல் உரிமையை இழந்தனர். கௌதாரிக்கோ கூடு கட்டும் இடம் பெருகியது. பெரும் பண்ணைகளின் உரிமையாளர்கள் வேட்டைக்காக இதைப் பேணினர். அவர்களிடம் பணிபுரிந்த காவலர்கள் நரி, காகம் முதலிய பகை விலங்குகளைக் கட்டுப்படுத்தினர். 1870 முதல் 1930 வரை ஆண்டுக்குச் சுமார் 20 இலட்சம் கௌதாரிகள் சுடப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. அவ்வளவு சுட்டும் இனம் அழியவில்லை.

காரணத்தைத் தேடி

இரண்டாம் உலகப்போருக்குப் பின் எண்ணிக்கை வேகமாகச் சரிந்தது. வேட்டைப் பண்ணைகளில் 1933 முதல் நடந்துவந்த கணக்கெடுப்பு, 1950களில் குஞ்சுகள் பிழைக்கும் விகிதம் வெகுவாகக் குறைந்ததைக் காட்டியது. மோசமான வானிலையே காரணம் எனப் பலர் கருதினர்.

டிக் பாட்ஸ் என்ற உயிரியலாளர் 1968இல் இங்கிலாந்தின் தென்பகுதியான சசெக்ஸ் குன்றுகளில் ஆய்வைத் தொடங்கினார். கௌதாரிகளோடு, வயல்களின் களைகளும் பூச்சிகளும் ஆண்டுதோறும் கணக்கெடுக்கப்பட்டன. கோதுமை, பார்லி வயல்களில் தெளிக்கப்பட்ட களைக்கொல்லியே முதன்மைக் காரணம் என்பது அதிலிருந்து தெளிவாயிற்று. மருந்து குஞ்சுகளை நேரடியாகக் கொல்லவில்லை. அது களைகளை அழித்தது. களைகளை நம்பி வாழ்ந்த வண்டுகளும் புழுக்களும் அவற்றோடு மறைந்தன. உணவின்றிக் குஞ்சுகள் மடிந்தன. பின்னர்ப் பூச்சிக்கொல்லிகளின் பயன்பாடு இந்நிலையை மேலும் மோசமாக்கியது.

வேறு இரு காரணங்களும் சேர்ந்துகொண்டன. பெரிய இயந்திரங்களுக்கு வழிவிட உயிர்வேலிகள் அகற்றப்பட்டன. காவலர்கள் குறைந்ததால் அடைகாக்கும் பெட்டைகளும் முட்டைகளும் நரிக்கும் காகத்துக்கும் இரையாயின. சாலிஸ்பரி சமவெளியில் 1984 முதல் 1990 வரை நடந்த சோதனையில், பகை விலங்குகளைக் கட்டுப்படுத்திய இடத்தில் கௌதாரிகள் கணிசமாகப் பெருகின.

பாதுகாப்பு

ஆய்வின் பயனாக எளிய வழிகள் சில உருவாயின. வயலின் ஓரத்தில் சுமார் 6 மீட்டர் அகலத்துக்கு மருந்து தெளிப்பதைக் குறைத்தால் களைகளும் பூச்சிகளும் திரும்புகின்றன. பெரிய வயல்களின் நடுவே வரப்பு உயர்த்திப் புல் வளர்த்தால் வண்டுகள் குளிர்காலத்தைக் கழிக்கவும் பறவைகள் கூடு கட்டவும் இடம் கிடைக்கிறது. அறுவடைக்குப் பின் அரிதாளை உழாமல் விடுவதும் குளிர்காலத்தில் தீனி இடுவதும் உதவுகின்றன. சசெக்ஸில் அருண்டெல் அருகே இம்முறைகள் யாவும் ஒருங்கே கையாளப்பட்டன. அங்கே 2003 வாக்கில் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த இணைகள், பின்னர் நூற்றுக்கணக்கில் பெருகின. விளைச்சல் தரும் பண்ணையிலும் இப்பறவை வாழ இயலும் என்பதற்கு இது சான்று.

இன்றைய நிலை

பரவல் பரப்பு மிகப் பெரியதாகையால் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனைத் தீவாய்ப்புக் குறைந்த இனமாகவே வகைப்படுத்துகிறது. பிரித்தானியாவிலோ இது 1996 முதல் பறவைகளுக்கான சிவப்புப் பட்டியலில் உள்ளது. ஒரே பறவையின் நிலை உலக அளவில் ஒன்றாகவும் நாட்டளவில் வேறாகவும் இருக்கலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

சிவப்புப் பட்டியலில் இருந்தும், செப்டம்பர் முதல் பிப்ரவரித் தொடக்கம் வரை இதனைச் சுட அங்கே சட்டம் இடமளிக்கிறது. வேட்டைக்கென வளர்த்து விடப்படும் செங்கால் கௌதாரிகளைச் சுடும்போது, எஞ்சிய சாம்பல் கௌதாரிகளும் தவறிச் சுடப்படுகின்றன. அதே வேளையில், இதன் வாழிடத்தைத் தம் செலவில் மீட்டவர்களுள் வேட்டைப் பண்ணையினரே பலர். அதனால் வேட்டையை அடியோடு தடை செய்வதா, கணக்கெடுத்து உபரி இருந்தால் மட்டும் அனுமதிப்பதா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. ஆனால் எந்த முடிவை எடுத்தாலும், குஞ்சுகளுக்கு உணவாகும் பூச்சிகள் வயலில் இல்லையேல் இப்பறவை பிழைக்காது.