பனியுந்தும் எச்சரிக்கை விளக்கும்: எஞ்சின் மாற்றத்தின் வரலாறு

பனியுந்து என்பது முன்புறம் சறுக்குக் கட்டைகளும் பின்புறம் சுழலும் ரப்பர்ப் பட்டையும் கொண்டு, பனி மூடிய நிலத்தில் ஓடும் எஞ்சின் ஊர்தி ஆகும். ஸ்னோமொபைல் என்ற பெயரில் இது உலகெங்கும் அறியப்படுகிறது. கனடா, அமெரிக்காவின் வட மாநிலங்கள், பின்லாந்து, சுவீடன், நார்வே, ரஷ்யா போன்ற குளிர்நிலங்களில் வேட்டை, கலைமான் மேய்ப்பு, மீட்புப் பணி, விளையாட்டு எனப் பலவற்றுக்கும் பயன்படுகிறது.

ஓர் ஊர்தியின் எஞ்சினைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்தும் வழக்கம் இதன் வரலாறு முழுவதும் காணப்படுகிறது. தொடக்கத்தில் அது இரும்பு வேலையாக மட்டுமே இருந்தது. புது எஞ்சின் கிளம்பிவிட்டால் வேலை முடிந்தது. இன்றோ எஞ்சின் கிளம்பிய பிறகும் முகப்புப் பலகையில் ஒரு சிறு விளக்கு எரிந்தபடியே இருக்கக்கூடும். அந்த விளக்கு எப்படி வந்தது, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை அறிந்தால்தான் கோளாற்றைக் கண்டுபிடிக்க முடியும்.

இரவல் எஞ்சினில் பிறந்த ஊர்தி

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்னும் சிற்றூரில் 1907இல் பிறந்தவர் ஜோசஃப் அர்மான் பாம்பார்டியர். 1922 டிசம்பர் 31 அன்று, தம் 15ஆம் வயதில், பழைய ஃபோர்டு மாடல் டி காரின் எஞ்சினைச் சறுக்குவண்டி ஒன்றில் ஏற்றி, அதன் பின்னால் விமானத்தில் இருப்பது போன்ற சுழல்விசிறியைப் பூட்டித் தம்பியுடன் ஊர்த்தெருவில் ஓட்டிக் காட்டினார். பாதுகாப்பற்ற அந்த வண்டியைப் பிரித்துவிடும்படி தந்தை உத்தரவிட்டார்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் செய்னர் என்ற ஊரைச் சேர்ந்த கார்ல் எலியாசன் 1924இல் மற்றொரு வண்டியை உருவாக்கினார். அதில் இருந்தது படகுக்காகச் செய்யப்பட்ட 2.5 குதிரைத்திறன் ஜான்சன் எஞ்சின். அதைக் குளிர்விக்க மாடல் டி காரின் ரேடியேட்டரில் பாதியை வெட்டிப் பொருத்தினார். 1927இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

பனியுந்துக்கென்று தனி எஞ்சின் அப்போது எங்கும் தயாரிக்கப்படவில்லை. வேறொரு வேலைக்காகப் பிறந்த எஞ்சினைக் கொண்டுவந்து பொருத்துவதுதான் ஒரே வழி. ஆகவே முதல் பனியுந்துகள் எல்லாமே ஒருவகையில் எஞ்சின் மாற்றப்பட்ட வண்டிகளே.

பாம்பார்டியரின் முயற்சிக்குப் பின்னால் ஒரு துயரமும் உண்டு. 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் இவோன் வயிற்றுக்குள் பரவிய தொற்றால் இறந்தான். பாதைகளைப் பனி அடைத்திருந்ததால் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல முடியவில்லை. பற்சக்கரத்தால் இயங்கும் ரப்பர்ப் பட்டை அமைப்பை அடுத்து உருவாக்கி, 1937இல் காப்புரிமை பெற்றார். ஏழு பேரும் பிறகு பன்னிரண்டு பேரும் அமரக்கூடிய அவருடைய பெரிய வண்டிகள் ஆம்புலன்சாகவும் பள்ளி வாகனமாகவும் அஞ்சல் வண்டியாகவும் ஓடின.

கிராமச் சாலைகளிலும் பனியை அகற்ற வேண்டும் என்று கியூபெக் அரசு 1948இல் சட்டம் இயற்றியதும் பெரிய வண்டிகளின் விற்பனை சரிந்தது. அந்த நெருக்கடி பாம்பார்டியரைச் சிறிய வண்டியின் பக்கம் திருப்பியது.

நான்கு போல்ட்டும் ஒரு பெல்ட்டும்

ஓரிருவர் அமரும் ஸ்கி-டூ 1959இல் சந்தைக்கு வந்தது. அதன் முதல் எஞ்சின் கோலர் நிறுவனத்தின் 7 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின். சில ஆண்டுகளிலேயே ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் அந்த இடத்தைப் பிடித்தது. எடை குறைவு, உதிரிபாகங்கள் குறைவு, கடுங்குளிரிலும் எளிதில் கிளம்பும் என்பவை டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் சாதகங்கள். 1970இல் ரோட்டாக்ஸையே பாம்பார்டியர் நிறுவனம் வாங்கிவிட்டது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் போலாரிஸ், ஆர்க்டிக் கேட் ஆகிய நிறுவனங்களும், 1968இல் ஜப்பானின் யமஹாவும் இத்துறையில் இறங்கின. 1970களின் தொடக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பனியுந்து தயாரித்தன. சந்தை சுருங்கியபோது அவற்றில் பெரும்பாலானவை மறைந்தன.

தயாரித்த நிறுவனம் மூடப்பட்டாலும் வண்டி ஓட வேண்டும். அதற்கு எஞ்சின் மாற்றம் கைகொடுத்தது. அன்றைய பனியுந்தில் கியர்பெட்டி இல்லை. எஞ்சினின் சுழல்தண்டில் ஒரு கப்பி, பட்டையை இயக்கும் தண்டில் இன்னொரு கப்பி, இரண்டையும் இணைக்கும் ஒரு பெல்ட் ஆகியவையே இயக்கத்தொடர். எஞ்சினைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள், பெட்ரோல் குழாய், ஆக்சிலரேட்டர் கேபிள், எஞ்சினை நிறுத்தும் ஒயர் ஆகியவற்றைக் கழற்றினால் எஞ்சின் கைக்கு வந்துவிடும். இரு கப்பிகளுக்கும் இடையிலான தூரமும் நேர்கோடும் பிசகாமல் இருந்தால் வேறு நிறுவனத்தின் எஞ்சினும் அதே வண்டியில் ஓடும்.

இந்த எளிமை வடதுருவ மக்களுக்கு வாழ்வாதாரப் பிரச்சினையாக இருந்தது. 1960களில் பின்லாந்தின் வடக்கே செவெட்டியார்வி பகுதியில் வாழும் ஸ்கோல்ட் சாமி மக்களிடையே கலைமான் மேய்ப்புக்குப் பனியுந்து வந்தது. சில ஆண்டுகளுக்குள் கலைமான் பூட்டிய சறுக்குவண்டிகள் பெரும்பாலும் வழக்கொழிந்தன. இந்த மாற்றத்தை ஆராய்ந்த மானிடவியலாளர் பெர்ட்டி பெல்ட்டோவின் நூல் 1973இல் வெளிவந்தது. வட கனடாவின் இன்யூட் வேட்டைக்காரர்களிடையே நாய் பூட்டிய வண்டிகளும் இதேபோல் பின்தங்கின. நாய்க்கூட்டத்தில் ஒன்று சோர்ந்தாலும் மற்றவை வீடு கொண்டுசேர்க்கும். ஒற்றை எஞ்சின் நின்றுவிட்டால் உறைபனியில் நடந்துதான் திரும்ப வேண்டும். ஆகவே எஞ்சினைப் பிரித்துக் கோக்கத் தெரிவது அங்கே உயிர் காக்கும் திறமையாகக் கருதப்பட்டது.

விளக்கு வந்த வழி

எச்சரிக்கை விளக்கு பனியுந்துக்கு முன்பே கார்களில் தோன்றிவிட்டது. 1930களில் அமெரிக்காவின் ஹட்சன் நிறுவனம் ஆயில் அழுத்தத்தைக் காட்டும் முள்மானிக்குப் பதிலாக விளக்கைப் பொருத்தியது. முள்ளின் அசைவைப் பார்த்துப் பழகாத ஓட்டுநருக்கும் விளக்கு புரியும் என்பதே அதன் நோக்கம். மெல்ல மெல்ல ஏறும் வெப்பத்தை முள் முன்கூட்டியே காட்டும். விளக்கோ எல்லை கடந்த பிறகுதான் எரியும்.

தொடக்ககாலப் பனியுந்துகளில் எச்சரிக்க அதிகம் எதுவும் இல்லை. பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றினார்கள். எஞ்சினைக் காற்று குளிர்வித்தது. 1964இல் யமஹா தன் மோட்டார் சைக்கிளில் ஆயிலைத் தனித் தொட்டியிலிருந்து பம்ப் மூலம் எஞ்சினுக்கு அனுப்பும் முறையை அறிமுகப்படுத்தியது. இம்முறை பனியுந்துகளுக்கும் பரவியபோது ஆயில் தொட்டி காலியாவதை அறிவிக்க ஒரு விளக்கு தேவைப்பட்டது. 1970களின் பிற்பகுதியில் திரவத்தால் குளிர்விக்கப்படும் எஞ்சின்கள் பரவியபோது வெப்ப விளக்கும் சேர்ந்தது.

இவ்விரு விளக்குகளுக்கும் பனியுந்தில் தனிப் பொருள் உண்டு. பல வண்டிகளில் கூலன்ட் திரவம் பட்டைக்கு மேலுள்ள அலுமினியத் தகடுகளின் வழியே ஓடுகிறது. பட்டை வாரி வீசும் பனித்தூள் அத்தகடுகளில் பட்டு உருகும்போது வெப்பம் தணிகிறது. பனித்தூள் இல்லாத வெறும் பனிக்கட்டி ஏரியில் நெடுந்தூரம் ஓட்டினால், கடுங்குளிரிலும் எஞ்சின் கொதித்து வெப்ப விளக்கு எரியும். அது கோளாறு அல்ல. தளர்ந்த பனிக்குள் வண்டியைச் செலுத்தினாலே அணைந்துவிடும்.

ஆயில் விளக்கின் நிலை வேறு. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் அது ஆயில் அழுத்தத்தைக் குறிக்கிறது. டூ ஸ்ட்ரோக் பனியுந்துகளில் அது பெரும்பாலும் தொட்டியிலுள்ள ஆயிலின் மட்டத்தை மட்டுமே குறிக்கிறது. ஆயில் பம்புக்கும் எஞ்சினுக்கும் போய்ச் சேர்கிறதா என்பது அதற்குத் தெரியாது. எஞ்சின் மாற்றும்போது ஆயில் குழாயைக் கழற்றினால் உள்ளே காற்று புகும். அதை வெளியேற்றாமல் ஓட்டினால் விளக்கு எரியாது. ஆனால் பிஸ்டன் காய்ந்து சிலிண்டரோடு இறுகிவிடும். விளக்கு அணைந்திருப்பதை நலத்தின் சான்றாக எடுத்துக்கொள்வது இங்கே பெரும் பிழையாகும்.

மின்னணுக் காலம்

1990களின் தொடக்கத்தில் கார்புரேட்டருக்குப் பதிலாக மின்னணு எரிபொருள் செலுத்துமுறை பனியுந்துகளில் இடம்பெறத் தொடங்கியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2002இல் வெளியிட்ட விதிகள் 2006 முதல் பனியுந்துப் புகைக்கு வரம்பு விதித்தன. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் பனியுந்துகளின் புகையும் இரைச்சலும் நீண்ட வழக்குகளுக்குக் காரணமாயின. இந்த நெருக்கடிக்கு நிறுவனங்கள் இருவழிகளில் பதிலளித்தன. யமஹா தன் மோட்டார் சைக்கிள் எஞ்சினை அடிப்படையாகக் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் வண்டியான ஆர்எக்ஸ்-1ஐ 2003 மாதிரியாக வெளியிட்டது. ஸ்கி-டூ 2009 மாதிரியில் சிலிண்டருக்குள் நேரடியாக எரிபொருள் தெளிக்கும் இ-டெக் என்ற டூ ஸ்ட்ரோக் எஞ்சினைக் கொண்டுவந்தது.

இவ்வகை எஞ்சின்களில் பற்றவைப்பையும் எரிபொருள் அளவையும் கணினி அலகு ஒன்று முடிவு செய்கிறது. சுழல்தண்டின் நிலை, ஆக்சிலரேட்டரின் திறப்பு, கூலன்ட் வெப்பம், உட்செல்லும் காற்றின் வெப்பம் ஆகியவற்றை உணரிகள் அதற்குத் தெரிவிக்கின்றன. தான் எதிர்பார்க்கும் மின்னளவு வராவிட்டால் அலகு விளக்கை எரியவிட்டு, கோளாற்றுக் குறியீட்டைப் பதிவு செய்கிறது. எஞ்சினைக் காக்கச் சில வேளைகளில் வேகத்தையும் குறைக்கிறது. ஸ்கி-டூ வண்டிகளில் திருட்டைத் தடுக்கச் சிப் பொதிந்த சாவிமுறையும் வந்தது. சாவியின் அடையாளத்தை அலகு ஏற்காவிட்டால் எஞ்சின் கிளம்பினாலும் வண்டி நகருமளவுக்குச் சுழற்சி ஏறாது. வேறு வண்டியிலிருந்து எஞ்சினோடு அதன் கணினி அலகையும் எடுத்துப் பொருத்துவோர் முதலில் சந்திக்கும் தடை இதுவே.

எஞ்சின் மாற்றிய பின் எரியும் விளக்கு

இந்த வரலாற்றை வைத்துப் பார்த்தால் கோளாறு தேடும் வரிசை தெளிவாகிறது. முதல் கேள்வி, எரிவது எந்த விளக்கு, அது எதை அளக்கிறது என்பது. வெப்பமோ ஆயில் அழுத்தமோ குறித்த விளக்கு என்றால், உண்மை நிலையை வேறு கருவியால் அளந்து உறுதிசெய்யும்வரை எஞ்சினை ஓட்டக்கூடாது.

வெப்ப விளக்கு எரிந்தால் முதலில் ஐயப்பட வேண்டியது கூலன்ட் பாதையில் சிக்கிய காற்று. வண்டியின் நீளம் முழுவதும் திரவம் சுற்றுவதால் காற்றுக்குமிழ் எளிதில் தங்கிவிடும். கையேடு சொல்லும் முனையை உயர்த்தி, காற்றுப்போக்கித் திருகைத் திறந்து அதை வெளியேற்ற வேண்டும்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே விளக்கு எரிந்தால் காரணம் பெரும்பாலும் மின்சுற்றில் இருக்கும். பழைய வண்டிகளில் வெப்பச் சுவிட்ச் மூடும்போது ஒயர் எஞ்சின் உலோகத்தோடு இணைந்து விளக்கு எரிகிறது. சுவிட்சிலிருந்து ஒயரைக் கழற்றிப் பார்க்கலாம். விளக்கு அணைந்தால் கோளாறு சுவிட்சில். அணையாவிட்டால் ஒயர் எங்கோ தோல் உரிந்து உலோகத்தில் படுகிறது.

புதிய வண்டிகளில் சுவிட்சுக்குப் பதில் வெப்பம் ஏற ஏற மின்தடை குறையும் உணரி உள்ளது. புது எஞ்சினின் உணரி பழையதைப் போலவே மரையில் பொருந்தினாலும் அதன் மின்தடை அளவு வேறாக இருக்கலாம். அப்போது அலகு தவறான வெப்பத்தைப் படிக்கும். பழைய எஞ்சினின் உணரியைக் கழற்றிப் புதியதில் பொருத்துவது பல நேரங்களில் எளிய தீர்வாகிறது.

அடிக்கடி மறக்கப்படுவது எர்த் ஒயர். எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின் மேல் அமர்ந்திருப்பதால் அதற்கும் சட்டகத்துக்கும் உலோகத் தொடர்பு தானாக ஏற்படாது. அந்த ஒயரைத் திரும்ப மாட்டாவிட்டால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல கோளாறுகள் சேர்ந்து தோன்றும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால், எஞ்சினும் கணினி அலகும் ஒரே வகையைச் சேர்ந்தவையா என்று பார்க்க வேண்டும். பதிவான குறியீட்டைப் படிக்காமல் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றுவது பணவிரயம். விளக்கின் பல்பை எடுத்துவிடுவது கோளாற்றை மறைக்குமே தவிர நீக்காது.

பெற்றதும் இழந்ததும்

விளக்கும் கணினி அலகும் பல எஞ்சின்களைக் காத்துள்ளன. புகை குறைந்தது, எரிபொருள் மிச்சமானது, குளிரில் கிளப்புவது எளிதானது. மறுபுறம், பழுதுபார்க்கும் அறிவு இடம் மாறியது. அமெரிக்காவில் 1996 முதல் விற்கப்படும் கார்களில் கோளாற்றுக் குறியீடுகளைப் படிக்கப் பொதுமுறை கட்டாயமானது. பனியுந்துகளில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென மென்பொருளை வைத்துக்கொண்டது. சாவியைப் பதியவும் புது அலகை ஏற்கச் செய்யவும் நிறுவன முகவரிடமே செல்ல வேண்டியிருக்கிறது. நகரவாசிக்கு இது சிறு அலைச்சல். அருகில் முகவரே இல்லாத வடதுருவக் கிராமத்தில் ஒரு வேட்டைப் பருவமே கையைவிட்டுப் போகலாம்.

யமஹா நிறுவனம் 2025 மாதிரிகளோடு பனியுந்துத் தயாரிப்பை நிறுத்துவதாக 2023இல் அறிவித்தது. 1970களில் நிறுவனங்கள் மறைந்தபோது போல்ட்டும் பெல்ட்டும் பொருந்தியதே பழைய வண்டிகளை ஓடவைத்தது. இனி கைவிடப்படும் வண்டிகளுக்கு மாற்று எஞ்சின் கிடைத்தாலும், அதைக் கணினி அலகு ஏற்கச் செய்யும் வழியும் கிடைத்தால்தான் அவை ஓடும்.