தறிக்கொட்டகை போய் எஞ்சின் மட்டும் மிஞ்சிய கதை

இங்கிலாந்தின் வடக்கே பார்னால்ட்ஸ்விக் என்று ஒரு சின்ன ஊர். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்பதாலோ என்னவோ, ஊர்க்காரர்கள் சுருக்கமாக 'பார்லிக்' என்கிறார்கள். 1974 வரை யார்க்‌ஷயரில் இருந்தது, எல்லையை மாற்றி வரைந்ததில் இப்போது லங்காஷயர். இந்த ஊரில் பான்க்ராஃப்ட் மில் எஞ்சின் மியூசியம் இருக்கிறது. சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்துகிற மியூசியம் அல்ல, தன்னார்வலர்கள் நடத்துவது. எஞ்சினுக்கு எண்ணெய் விடுவதில் இருந்து வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுப்பது வரை எல்லாம் அவர்கள்தான்.

மில்லின் கதையே ஒரு தப்பான முதலீட்டின் கதை. காமர்ஸ் மாணவர்கள் கொஞ்சம் கவனிக்கவும்.

1913இல் பிரிட்டன் வெளிநாடுகளுக்கு விற்ற பருத்தித் துணி சுமார் 700 கோடி கெஜம். அதில் 300 கோடி கெஜம் அளவுக்கு வாங்கியது ஒரே ஒரு நாடு. எந்த நாடு என்று சொல்லவேண்டுமா? நாமேதான். போதாக்குறைக்கு, லங்காஷயர் முதலாளிகளின் நெருக்கடியால் இந்திய மில் துணி மீது 1896இல் மூன்றரை சதவீத உற்பத்தி வரி வேறு போட்டு வைத்திருந்தார்கள். நம் ஊரில் நெய்து நம் ஊரிலேயே விற்கும் துணிக்கு வரி! அது 1926இல்தான் ஒழிந்தது.

வியாபாரம் இப்படி உச்சத்தில் இருக்கும்போது புது மில் கட்டலாம் என்று யாருக்கும் தோன்றும். ஜேம்ஸ் நட்டர் அண்ட் சன்ஸ் நிறுவனத்துக்கும் தோன்றியது. 1914இல் வேலையை ஆரம்பித்தார்கள். அதே வருடம் முதல் உலகப்போர். வேலை நின்றது. போர் முடிந்து, கட்டி முடித்து எஞ்சினை ஓட்டியபோது 1920. போருக்குப் பிந்தைய துணி விலையேற்றம் வெடித்துச் சரியத் தொடங்கியதும் அதே 1920இல்தான். அதற்குப்பின் லங்காஷயர் துணித்தொழில் பழைய உயரத்தை எட்டவே இல்லை. அந்த ஊரில் கட்டிய கடைசி நெசவு மில் இதுதான்.

இந்த ஊரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் போகக்கூடாது. இங்கே பல மில்களில் 'ரூம் அண்ட் பவர்' என்ற ஏற்பாடு இருந்தது. ஒரு கம்பெனி பங்கு விற்றுப் பணம் திரட்டிக் கொட்டகையும் எஞ்சினும் போடும். தறி மட்டும் வைத்திருக்கும் சின்ன முதலாளிகள் உள்ளே இடத்தையும் சுழலும் ஷாஃப்ட்டையும் வாடகைக்கு எடுப்பார்கள். நீராவி சக்தியைக்கூட வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்! பெரிய மூலதனம் இல்லாதவரும் தொழிலில் இறங்க முடிந்தது இதனால்தான். பான்க்ராஃப்ட் இந்த வகை இல்லை, நட்டர் நிறுவனம் தனக்கே கட்டிக்கொண்டது.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? நெல்சன் ஊர் வில்லியம் ராபர்ட்ஸ் கம்பெனி செய்த 600 குதிரைசக்தி நீராவி எஞ்சின். இரண்டு பக்கமும் ஒவ்வொரு சிலிண்டர், நடுவே பெரிய ஃப்ளைவீல். நீராவி முதலில் சின்ன சிலிண்டரைத் தள்ளும். அங்கே வேலை செய்து அழுத்தம் குறைந்த நீராவி வீணாகாமல் அடுத்த பக்கத்துப் பெரிய சிலிண்டருக்குப் போய் அதையும் தள்ளும். ஃப்ளைவீலின் விளிம்பில் பள்ளங்கள், அவற்றில் பருத்திக் கயிறுகள். அந்தக் கயிறுகள்தான் சக்தியை ஷாஃப்ட்டுக்கும், ஷாஃப்ட்டில் இருந்து பெல்ட் வழியாக ஆயிரத்துக்கு மேற்பட்ட தறிகளுக்கும் கொண்டு போயின. எஞ்சினின் இரண்டு பக்கங்களுக்கும் பெயர் கூட உண்டு: ஜேம்ஸ், மேரி ஜேன். (நம் லாரிகளில் குழந்தைகள் பெயர் எழுதுகிற மாதிரிதான்.)

பார்க்க வருகிறவர்கள் முதலில் எதிர்பார்ப்பது பயங்கர சத்தத்தை. ஆனால் நீராவி எஞ்சின் அவ்வளவு சத்தம் போடாது. காதைப் பிளந்ததெல்லாம் தறிகள். லங்காஷயர் நெசவாளிகள் உதட்டசைவை வைத்தே பேசிக்கொண்டார்கள், பலருக்குக் காது போனது. நாடாவில் புதுத் தார் மாட்டும்போது நூலை அதன் துளை வழியாக வாயால் உறிஞ்சி இழுக்கும் பழக்கம் ஒன்றும் இருந்தது. 'நாடாவை முத்தமிடுவது' என்று அதற்குப் பெயர். பெயர்தான் அழகு. ஒரே நாடாவில் பல பேர் வாய் வைத்தார்கள், நோயும் பஞ்சுத் தூசியும் கூடவே போயின.

1930களின் கடைசியில் இந்தியாவுக்கு வந்த லங்காஷயர் துணி பழைய அளவில் பத்தில் ஒரு பங்கு ஆகிவிட்டது. அந்நியத்துணி பகிஷ்கரிப்பு மட்டும் காரணமில்லை. ஜப்பான் போட்டி, இந்திய மில்களின் வளர்ச்சி, இறக்குமதி வரி எல்லாம் சேர்ந்து அடித்தன. 1931 செப்டம்பரில் காந்தி லங்காஷயரின் டார்வெனுக்கே போய் வேலையிழந்த தொழிலாளர்களைச் சந்தித்தார். அவர்கள் அவரை ஆரவாரமாக வரவேற்றது ஊரறிந்த கதை. அதைவிடக் குறைவாகப் பேசப்படுவது பிற்பாடு நடந்தது. 1958இல் பிரிட்டன் விற்ற பருத்தித் துணியைவிட வாங்கிய துணி அதிகமானது. விற்றவர்களில் இந்தியாவும் உண்டு. அடுத்த ஆண்டே, தறிகளை உடைத்துப் பழைய இரும்பாக்கினால் பணம் தருகிறோம் என்று அரசாங்கம் சட்டம் போட்டது.

பான்க்ராஃப்ட் அதையும் தாண்டி ஓடியது. 1978 டிசம்பரில்தான் மூடினார்கள். கடைசியாக எஞ்சினைப் பார்த்துக்கொண்ட ஸ்டான்லி கிரஹாம், மூடும் காலத்திலேயே தொழிலாளர்களின் பேச்சை ஒலிநாடாவில் பதிவு செய்து வைத்தார். பிறகு தறிக்கொட்டகையை இடித்துவிட்டார்கள். ரம்பப்பல் மாதிரிக் கூரை போட்டு வடக்கு வெளிச்சத்தை உள்ளே விட்ட அந்த இடம் இப்போது இல்லை. எஞ்சின் அறை, பாய்லர் அறை, புகைபோக்கி மூன்றும் தப்பின. அவற்றைக் காப்பாற்ற ஒரு டிரஸ்ட் உருவானது.

ஊர் என்னவோ பிழைத்துக்கொண்டது. இரண்டாம் உலகப்போரில் காலி மில்களுக்குள் ஜெட் எஞ்சின் வேலை வந்தது, பின்னர் அது ரோல்ஸ்ராய்ஸ் வசம் போனது. ஜம்போ விமானத்தில் பறந்த ஆர்பி211 எஞ்சினில் உள்ள 'பி' என்ற எழுத்து இந்த பார்னால்ட்ஸ்விக்கைத்தான் குறிக்கிறது!

இப்போது கணக்குக்கு வருவோம். பிரிட்டனில் அறக்கட்டளைகளுக்கான கணக்கு விதிகள், பொதுவான தன்னார்வலர்களின் உழைப்பை வருமானமாகக் காட்டக்கூடாது என்கின்றன. நம்பகமாக மதிப்பிட முடியாது என்பது காரணம். ஆண்டறிக்கையில் வாக்கியமாக எழுதலாம், ரூபாய் பைசாவாக (அதாவது பவுண்டு பென்னியாக) எழுத முடியாது. விதியில் தப்பில்லை. ஆனால் இப்படி ஒரு மியூசியத்தின் முழுச் சொத்தும் அந்த எழுதமுடியாத வரியில்தான் இருக்கிறது. பெரிய பாய்லரை அவசரமாகச் சூடாக்கக்கூடாது, இரும்பு சீராக விரிய நேரம் கொடுக்கவேண்டும். எந்த பேரிங் சூடேறுகிறது என்று கை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். சட்டப்படி பாய்லர் பரிசோதனைக்கும் தயாராக இருக்க வேண்டும். இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகினால்தான் வரும். மில் மூடியபோது அங்கே வேலைக்குச் சேர்ந்த இருபது வயதுப் பையனுக்கே இப்போது அறுபது தாண்டியிருக்கும். எஞ்சினுக்கு உதிரிபாகம் செய்துவிடலாம். அந்தக் கைப்பழக்கத்துக்கு ஆள் தேடுவதுதான் இந்த மாதிரி மியூசியங்கள் எல்லாவற்றுக்கும் இருக்கும் தலைவலி.

மேற்படிப்புக்கு மான்செஸ்டர், லீட்ஸ் பக்கம் போகிற நண்பர்கள் கவனத்துக்கு: எஞ்சின் எல்லா நாளும் ஓடாது. வருடத்தில் சில நாட்கள்தான் நீராவி ஏற்றுகிறார்கள், தேதியை முன்கூட்டியே அறிவிப்பார்கள். அந்த நாளாகப் பார்த்துப் போங்கள். எண்ணெய்க் கையோடு நிற்கும் பெரியவர் யாரிடமாவது ஒரு கேள்வி கேட்டால் போதும், குறைந்தது அரைமணி நேரம் பதில் வரும் :-)