காவலூரில் பதிவான யுரேனஸ் வளையம்

சவ்வாது மலை என்றால் சாமையும் தேனும் சந்தன மரமும் மலையாளி பழங்குடி மக்களும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதே மலையில், ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், விடுதலைக்குப் பிந்திய இந்திய அறிவியலின் முக்கியமான பக்கம் ஒன்று எழுதப்பட்டது.

இதற்கு அடித்தளமிட்டவர் வைணு பாப்பு (1927–1982). இவருடைய தந்தை ஐதராபாத் நிசாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவர். ஹார்வர்டில் மாணவராக இருந்தபோதே, 1949 இல், புதிய வால்வெள்ளி ஒன்றைக் கண்டறிந்தவர்களுள் பாப்புவும் ஒருவர். 1960 இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். சூரியனை ஆராயக் கொடைக்கானல் ஏற்ற இடம்; இரவு வானத்துக்கோ மேகம் பெருந்தடை. எனவே வேறு இடம் தேடினார். சுமார் 725 மீட்டர் உயரத்தில், நகர வெளிச்சம் எட்டாமல் இருந்த காவலூரைத் தேர்ந்தெடுத்தார். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியையும் அங்கிருந்து காணலாம். கொடைக்கானல் பட்டறையிலேயே செய்த 38 செ.மீ. தொலைநோக்கியுடன் 1968 இல் பணி தொடங்கியது. 1972 இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் செய்த 1 மீட்டர் தொலைநோக்கி வந்து சேர்ந்தது.

1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் மங்கலான விண்மீன் ஒன்றை மறைத்துச் செல்லும் எனக் கணிக்கப்பட்டிருந்தது. இத்தகைய மறைப்பின்போது விண்மீனின் ஒளி குறைந்து கூடும் விதத்தைக் கொண்டு கோளின் அளவையும் வளிமண்டலத்தையும் அறியலாம். அமெரிக்க அறிவியலாளர்கள் தொலைநோக்கி பொருத்திய விமானத்தில் இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்தபடி இதை நோக்கினர். காவலூரில் ஜே. சி. பட்டாச்சாரியாவும் கே. குப்புசாமியும் 1 மீட்டர் தொலைநோக்கியில் விழித்திருந்தனர். விண்மீன் கோளின் வட்டுக்கு வெகு வெளியே இருந்தபோதே அதன் ஒளி சில நொடிகள் சட்டென்று மங்கி மீண்டது. யாரும் எதிர்பாராத ஒன்று அது!

யுரேனஸின் புதிய துணைக்கோள் குறுக்கே வந்திருக்கலாம் என்றே காவலூர்க் குழு முதலில் கருதியது. அன்றைய நிலையில் அது இயல்பான முடிவுதான். அதுவரை சனிக்கு மட்டுமே வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்திருந்தது. ஆனால் விமானத்தில் எடுத்த பதிவில் கோளின் இருபுறமும் ஒத்த தொலைவுகளில் ஒளி மங்கியிருந்தது. துணைக்கோள் அவ்வாறு செய்யாது, வளையங்கள்தான் செய்யும். கண்டுபிடிப்பின் பெருமை பெரும்பாலும் அந்த விமானக் குழுவுக்கே சேர்ந்தது. அது நியாயமே. எனினும், தனித்து எடுக்கப்பட்ட காவலூர்ப் பதிவுக்கும் பாடநூல்களில் ஒரு வரியாவது இடம் இருக்க வேண்டும்.

1979 இல் பாப்பு பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவரானார். அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவரே. இந்தியாவிலேயே வடிவமைத்து உருவாக்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கி அவருடைய பெருங்கனவு. அது முடிவதற்கு முன்பே, 1982 ஆகஸ்ட் 19 அன்று, மியூனிக் நகரில் காலமானார். அவர் தலைமையேற்க வேண்டிய ஒன்றியத்தின் பொதுப்பேரவை அந்நாட்களில் கிரேக்க நாட்டில் நடந்துகொண்டிருந்தது.

எஞ்சிய பணியை உடனுழைத்தவர்கள் முடித்தனர். 1986 சனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். அதே மாதம் 24 ஆம் நாள் வாயேஜர் 2 விண்கலம் யுரேனஸைக் கடந்து சென்று, அதன் வளையங்களை அருகிலிருந்து படமெடுத்தது.