அரை கிலோ சர்க்கரை

போன மாசம் அம்மாவோட பிறந்தநாளுக்கு நானே கேக் அலங்கரிக்கலாம்னு இறங்கினேன். கேக் சுமாரா வந்துச்சு. அலங்காரம்தான் சொதப்பல். ரோஜாப்பூ வர வேண்டிய இடத்துல காலிஃபிளவர் வந்தது. சென்னை வெயில்ல அதுவும் பத்து நிமிஷத்துல உருகி வழிஞ்சிடுச்சு.

ஆனா என்னை யோசிக்க வச்சது ரெசிபிதான். பட்டர் கிரீமுக்கு 250 கிராம் வெண்ணெய்னா, ஐசிங் சுகர் 500 கிராம். அரை கிலோ! இவ்வளவு சர்க்கரையைக் கத்துக்கறதுக்காக வீணடிக்க, எப்போ இருந்து சாதாரண ஜனங்களால முடிஞ்சது?

முதல்ல 1840-க்குப் போவோம். லண்டனில் விக்டோரியா ராணியின் திருமணம். கேக்கின் எடை சுமார் 300 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 136 கிலோ. மேலே பளிச்சென்று வெள்ளை ஐசிங். அந்தக் காலத்தில் சர்க்கரையை எவ்வளவுக்கு எவ்வளவு சுத்திகரித்து வெள்ளையாக்குகிறார்களோ, அவ்வளவுக்கு விலையும் ஏறும். ஆக, கேக்கின் நிறத்தைப் பார்த்தாலே வீட்டின் வசதி தெரிந்துவிடும்.

அந்தச் சர்க்கரை எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலிருந்து. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களும் அவர்கள் சந்ததியினரும் தலைமுறை தலைமுறையாக அங்கே அடிமைகளாக உழைத்தார்கள். பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1834-ல். அதே வருஷம் மொரிஷியஸ் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப்போக ஆரம்பித்துவிட்டார்கள். கல்கத்தாவிலிருந்து மட்டுமில்லை, நம்ம மதராஸ் துறைமுகத்திலிருந்தும். அவர்கள் கரை இறங்கி ஏறிய படிக்கட்டு இன்றைக்கும் போர்ட் லூயியில் இருக்கிறது. 1860-ல் மதராஸிலிருந்து கிளம்பிய ட்ரூரோ என்ற கப்பல் 342 பேரோடு தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கேயும் கரும்புதான்.

1874-ல் பிரிட்டன் சர்க்கரை மீதான இறக்குமதி வரியையே எடுத்துவிட்டது. ஐரோப்பாவின் பீட்ரூட் சர்க்கரையும் போட்டிக்கு வந்தது. விலை சரிந்தது. ராணி வீட்டு ஐசிங், கடைக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கும் வந்து சேர்ந்தது.

அடுத்தது 1929, சிகாகோ. டியூயி மெக்கின்லி வில்டன் என்ற மிட்டாய்க் கலைஞர் கேக் அலங்காரத்தை வகுப்பாக நடத்த ஆரம்பித்தார். நீங்க வாங்கற நாசில்ல 1எம்னு ஒரு நம்பர் இருக்கும் பாருங்க, அது பின்னாடி அந்த வில்டன் நிறுவனம் புழக்கத்துல விட்ட நம்பர். கை பழக்கமாக மட்டுமே இருந்த ஒரு தொழிலுக்கு நம்பர் போட்டு, இந்த நாசில், இந்தக் கோணம், இவ்வளவு அழுத்தம்னு எழுதி வச்சா, முன்பின் பழக்கமில்லாதவங்களும் வீட்டிலேயே கத்துக்கலாம். சாஃப்ட்வேர்காரனா எனக்கு இது ரொம்பப் பிடிச்சது. நல்ல டாக்குமென்டேஷன்!

ஆனா சர்க்கரை திரும்பவும் கை நழுவியது. இரண்டாம் உலகப் போர். 1940 ஆகஸ்ட்டில், கேக்கின் மேல் சர்க்கரை ஐசிங் போடக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு தடை போட்டது. கல்யாண வீடுகளில் என்ன செய்தார்கள் தெரியுமா? அட்டையில் அடுக்கு கேக் மாதிரி ஒரு மூடி செய்து, உள்ளே சின்ன கேக்கை வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அங்கே சர்க்கரை ரேஷன் முடிய 1953 ஆனது.

இதெல்லாம் படிச்சிட்டு போன ஞாயிற்றுக்கிழமை ரெண்டாவது தடவை முயற்சி பண்ணினேன். இந்தத் தடவை பாதி அளவு கிரீம்தான். முதல்ல பட்டர் பேப்பர் மேல பிழிஞ்சு பழகினேன். சரியா வராததை வழிச்சு திரும்ப பைக்குள்ள போட்டேன். கிரீம் இளகினப்போ பையைப் பத்து நிமிஷம் ஃப்ரிட்ஜ்ல வச்சேன். எட்டாவது பூ, ரோஜா மாதிரியே இருந்தது.

அம்மாவுக்கு சுகர். அந்தப் பூவை ஓரமா எடுத்து வச்சிட்டு, அவங்களுக்கு வெறும் கேக்ல ஒரு சின்னத் துண்டு வெட்டிக் கொடுத்தேன். பூவை போட்டோ எடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பினாங்க.